அவரை மட்டும் கடிக்காத கம்பி

வைத்தியலிங்கம் கம்பியைத் தொட்டார்.

ஒன்றும் ஆகவில்லை.

மறுபடி தொட்டார். இந்தத் தடவை விரல் நுனியால் அல்ல. முரட்டுக் கிடாயின் கொம்பைப் பிடிப்பது போல முழுக் கையால் இறுக்கிப் பிடித்தார். மோட்டார் ரூமுக்குள் இருந்த பெட்டி 'டக்... டக்...' என்று சீராகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அதன் நெற்றியில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. பேட்டரியில் சார்ஜ் இருந்தது. கம்பி எங்கேயும் அறுந்திருக்கவில்லை. ஆனால் அவர் கையில் ஓர் எறும்பு கடித்த உணர்ச்சிகூட இல்லை.

கம்பிக்கு அந்தப் பக்கம் அறுபது ஆடுகள் நின்றன. ஒன்றுகூடக் கம்பிக்குப் பக்கத்தில் வரவில்லை. புல் மேய்ந்துகொண்டே வந்த குட்டி ஒன்று, கம்பியைப் பார்த்ததும் சட்டென்று நின்று, வாசல்படியில் கடன்காரனைப் பார்த்தவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது.

அங்கேதான் வைத்தியலிங்கத்துக்குத் தலை சுற்றியது. கரண்டே இல்லாத கம்பிக்கு ஆடு ஏன் பயப்படுகிறது?

"பிச்சைக்கண்ணு."

வேப்பமரத்தடியில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற ஆட்டுக்காரன் திரும்பினான். நாற்பதைத் தாண்டிய ஆள். கையில் தொரட்டிக் கம்பு.

"என்னய்யா?"

"கம்பியில கரண்டு இல்லையே."

"இருக்கே ஐயா. காலைலகூட என் தொடையில பட்டு, உசுரு போயி உசுரு வந்திச்சு."

"நான் பிடிச்சிக்கிட்டு நிக்கேன். பாரு."

பிச்சைக்கண்ணு பார்த்தான். ஐயாவின் கை கம்பியில். ஐயாவின் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. பிச்சைக்கண்ணுவின் வாய் பைய திறந்தது, திறந்தபடியே நின்றது.

வைத்தியலிங்கம் அந்த வாயை உற்றுப் பார்த்தார். கூட்டுறவுத் தணிக்கையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர் அவர். 'மூட்டை உள்ளே இருக்கு சார்' என்று சொன்ன எந்தச் செயலாளரையும் நம்பாமல், கிட்டங்கிக்குள் தானே இறங்கி, மூட்டையைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். தொட்டுப் பார்க்காத எதையும் அவர் நம்பியது கிடையாது.

இப்போது தொட்டுப் பார்த்துவிட்டார். கரண்டு இல்லை. இவனோ இருக்கிறது என்கிறான்.

அப்படியானால் யாரோ பொய் சொல்கிறார்கள்.

*

தொண்ணூற்றேழாம் வருஷப் பங்குனி அது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே, தென்கால் வாய்க்கால் தண்ணீர் பாயும் பூமி. பிசான நெல் அறுவடை முடிந்து வயலெல்லாம் மொட்டையாகக் கிடந்தது. வைத்தியலிங்கத்துக்குப் பரம்பரையில் மிஞ்சியது வாய்க்கால் ஓரமாக நாலு ஏக்கர். ரிட்டையர் ஆனதும் நெல்லை விட்டுவிட்டு ஆட்டில் இறங்கினார்.

ஆடு நன்றாகத்தான் வளர்ந்தது. பக்கத்து வயல் ஏத்தன்வாழையைத் தின்று வளர்ந்தது என்பதுதான் வம்பு. அந்த வாழை கிருபைராஜ் சாருக்குச் சொந்தம். பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். சனி ஞாயிறில் விவசாயி. முதல் தடவை வாழைக்கன்றை ஆடு கடித்தபோது சிரித்தார். இரண்டாம் தடவை ஜெபம் பண்ணினார். மூன்றாம் தடவை நேரே வந்து சொல்லிவிட்டார்.

"பிள்ளைவாள், நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டேன். இன்னொரு தடவை உங்க ஆடு எங்க வரப்பைத் தாண்டினா, ஆட்டைப் பிடிச்சுக் கட்டிட்டு நேரா ஸ்டேஷன்தான். வருத்தப்படக் கூடாது."

அதற்குப் பிறகுதான் மின்வேலி வந்தது. ஜங்ஷனில் ஏஜென்ஸி வைத்திருந்த ஆவுடைநாயகம் என்கிற பையன் பெட்டியோடு வந்து இறங்கினான். சவுக்குக் கம்புகள் நட்டு, கம்புக்குக் கம்பு பிளாஸ்டிக் வளையம் மாட்டி, நாலு வரிசை கம்பி இழுத்தான். இரும்புத் தடி ஒன்றை மண்ணில் இறக்கி, 'இதுதான் எர்த்' என்றான்.

"வீட்டுக் கரண்டைக் கம்பியில கொடுத்தா ஆளு செத்துப்போவான், போலீஸ் கேஸாயிரும். இது அது இல்ல சார். பேட்டரிக் கரண்டு, விட்டு விட்டு வரும். சுள்ளுன்னு ஒரே ஒரு அடி. உசுருக்கு ஒண்ணும் செய்யாது. வெளிநாட்டு ஆட்டுக்கு உடம்பெல்லாம் கம்பளி, அதனால அதுக்கு லேசில உறைக்காது. நம்ம ஆட்டுக்கு வெறும் மயிருதான. ஒரு தடவை பட்டுச்சுன்னா ஏழு சென்மத்துக்கும் கம்பிப் பக்கம் வராது."

சொல்லிவிட்டுக் கம்பியைத் தொட்டுக் காட்டினான். பின்னாலிருந்து யாரோ இழுத்தது போலத் துள்ளினான். துள்ளிவிட்டுப் பல்லைக் காட்டிச் சிரித்தான்.

வைத்தியலிங்கமும் அன்றைக்கே தொட்டுப் பார்த்திருப்பார். அவர் மனைவி சொர்ணாம்பாள் விடவில்லை. "சர்க்கரை உடம்பை வச்சிக்கிட்டு என்ன வெளையாட்டு?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

சர்க்கரையால் வந்த இன்னொரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். வயலுக்குள் நுழைகிற இடத்தில், வேலி தொடங்கும் மூலையில், சுடலைமாடன் பீடம் இருந்தது. வெள்ளையடித்த கட்டை, அதில் மூன்று கோடு திருநீறு. அந்தப் பீடத்தைத் தாண்டி யாரும் செருப்புப் போட்டுக்கொண்டு உள்ளே போகமாட்டார்கள். ஆட்டுக்காரன், கூலியாள், உரம் விற்க வருகிறவன், எல்லோருடைய செருப்பும் பீடத்துக்கு வெளியேதான் கிடக்கும். ஆவுடைநாயகம்கூட பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

வைத்தியலிங்கம் ஒருவருக்குத்தான் விலக்கு. 'வெறுங்காலோட நடக்கவே கூடாது. ஒரு முள்ளு போதும், காலையே எடுக்க வேண்டியதாயிரும்' என்று பாளையங்கோட்டை டாக்டர் பயமுறுத்தி, இரண்டு விரல் கனத்தில் கறுப்பு ரப்பர் செருப்பு எழுதிக் கொடுத்திருந்தார். குளிக்கிற நேரம் தவிர அது அவர் காலை விட்டு இறங்காது. மாடன் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று ஒரு தேங்காயை உடைத்து உத்தரவு வாங்கிக்கொண்டார். மாடன் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

வேலி போட்ட அன்று பிச்சைக்கண்ணு ஒரு வார்த்தை சொன்னான். அப்போது அது வைத்தியலிங்கத்தின் காதில் ஏறவில்லை. இப்போது ஏறியது.

"கம்பியே ஆட்டை மேய்ச்சிருமின்னா, நான் என்னத்துக்குய்யா?"

*

மறுநாள் ஸ்ரீவைகுண்டம் எஸ்.டி.டி. பூத்தில் போய் உட்கார்ந்தார்.

"கம்பி அடிக்க மாட்டேங்குதுப்பா" என்றார்.

"விளக்கு எரியுதா சார்?" ஆவுடைநாயகத்தின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"எரியுது."

"டக் டக்குன்னு சத்தம்?"

"கேக்கு."

"அப்ப எர்த்துதான் சார். எர்த் இல்லேன்னா அடிக்காது. வேற ஒண்ணுமே இல்ல, எர்த்தைப் பாருங்க. ஈரம் பத்தல. நாலு குடம் தண்ணி ஊத்துங்க."

நாலு குடமா? பத்துக் குடம் ஊற்ற வைத்தார். பிச்சைக்கண்ணு வாய்க்காலுக்கும் இரும்புத் தடிக்கும் நடந்து நடந்து ஊற்றினான். வேலி ஓரமெல்லாம் சொதசொதவென்று ஆகிவிட்டது. கடைசிக் குடத்தோடு திரும்பும்போது அவன் முழங்கால் கம்பியில் உரசியது.

குடம் ஒரு பக்கம் போனது. பிச்சைக்கண்ணு ஒரு பக்கம் போனான்.

"யாத்தாடி... ஐயா, நேத்தைக்கு இது தம்பி. இன்னைக்கு அண்ணனா அடிக்கி."

வைத்தியலிங்கம் ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்தார்.

ஒன்றும் இல்லை.

தரையில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த பிச்சைக்கண்ணுவைப் பார்த்தார். அவன் அவர் கையைப் பார்த்தான்.

என்னமாய் நடிக்கிறான் என்று வைத்தியலிங்கம் நினைத்தார்.

ஐயாவுக்கு ஏதோ மந்திரம் தெரியும் போலிருக்கே என்று பிச்சைக்கண்ணு நினைத்திருக்கலாம்.

*

சனிக்கிழமை பிற்பகலில் வைத்தியலிங்கம் உளவு பார்க்கக் கிளம்பினார்.

கிருபைராஜ் சாரின் வாழைத் தோப்புக்குள் புகுந்து, காய்ந்த சருகுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டார். தன் வயலையே திருடனைப் போல ஒளிந்திருந்து பார்க்கும்படி ஆகிவிட்டதே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. அவர் கணக்கு இதுதான்: தான் வயலுக்கு வரும்போது மட்டும் பிச்சைக்கண்ணு எப்படியோ கரண்டை அணைக்கிறான். தான் போனதும் போடுகிறான். கம்பி சரியில்லை என்று பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டால் அவன் பிழைப்பு நிலைக்கும். அதற்குத்தான் இத்தனை நாடகம்.

பிச்சைக்கண்ணு வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தான். மோட்டார் ரூம் எங்கேயோ, அவன் எங்கேயோ. கதவில் பூட்டு. சாவி வைத்தியலிங்கத்தின் மடியில்.

ஒரு குட்டி, புதிதாகப் பிறந்தது, விவரம் தெரியாதது, கம்பியை முகர்ந்து பார்த்தது.

சுருண்டு எழும்பித் தாயிடம் ஓடியது.

வைத்தியலிங்கம் சருகைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தார். இருந்த வயதுக்கும் இருந்த சர்க்கரைக்கும் அது பாய்ச்சல்தான். ரப்பர் செருப்பு சேற்றில் 'சளக் சளக்' என்று சத்தம் போட, நேரே போய்க் கம்பியைப் பிடித்தார்.

கம்பி சும்மா இருந்தது.

பிச்சைக்கண்ணு அசையவே இல்லை. குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். ஒரு நிமிஷத்துக்குள் இவன் எழுந்து, நடந்து, பூட்டைத் திறந்து, அணைத்து, பூட்டி, திரும்பி வந்து படுத்துக் குறட்டையும் விட முடியுமா? முடியாது. அப்படியானால் இரண்டாவது ஆள் ஒருவன் இருக்கிறான்.

"என்ன பிள்ளைவாள், எங்க தோப்புக்குள்ள இருந்து வாரீக?"

முதுகுக்குப் பின்னால் குரல். கிருபைராஜ் சார் வாழைக்குத் தண்ணீர் விலக்கிவிட்டு, முழங்கால் வரை சேறோடு, மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்தார்.

வைத்தியலிங்கத்துக்கு அவரிடம் மறைக்கத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் கொட்டினார். கிருபைராஜ் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"அப்ப கம்பியில கரண்டு இல்லைங்கீக."

"பிடிச்சிருக்கேனே சார்வாள். பாருங்க."

"கரண்டு இல்லாத கம்பியை நம்பியா நான் ஸ்டேஷனுக்குப் போகாம இருக்கேன்?" என்று சொல்லிக்கொண்டே, வைத்தியலிங்கம் சும்மா பிடித்து நிற்பதை நம்பி, அவர் கைக்குப் பக்கத்திலேயே கம்பியில் கை வைத்தார்.

வைத்தார் என்று சொல்வதற்குள் எடுத்துவிட்டார். மண்வெட்டி வாய்க்காலில் விழுந்தது.

"கர்த்தரே..." என்றார் முனகலாக. பிறகு வைத்தியலிங்கத்தை மேலும் கீழும் பார்த்தார். "ஓய், என்ன ஓய் இது வெளையாட்டு? கரண்டு இல்லைன்னு சொல்லித் தொட வைக்கீரு. உமக்கு நான் என்ன துரோகம் பண்ணினேன்?"

"சார்வாள், நானும் பிடிச்சிக்கிட்டுத்தானே நிக்கேன்."

"அதுதான் எனக்கும் வெளங்கல" என்றார் கிருபைராஜ். இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். "நான் தமிழ் வாத்தியார். எனக்குக் கரண்டைப் பத்தித் தெரியாது. ஆனா ஒரே கம்பி, ஒரே நேரம். என்னை அடிக்கி, உம்மை அடிக்கல. இது நல்லதுக்கு இல்ல."

வைத்தியலிங்கத்தின் மனசில் ஒரு கதவு 'கிரீச்' என்று திறந்தது.

சார்வாளும் கூட்டா?

*

வீட்டுக்கு வந்ததும் சொர்ணாம்பாள் கொதிக்கக் கொதிக்கக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். பித்தளைத் தம்ளர். வைத்தியலிங்கம் அதை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துப் பொத்திக்கொண்டார்.

"என்ன செய்யுதீக?"

"சுடுதான்னு பாக்கேன்."

"சுடலையா?"

"சுடுது. நல்லா சுடுது" என்றார். முகத்தில் ஒரு நிம்மதி. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு முழங்கையைக் கிள்ளிப் பார்த்தார். வலித்தது.

ஏனென்றால் வாழைத் தோப்பிலிருந்து வீடு வருகிற வழியில் வேறொரு பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது: 'சர்க்கரை கூடினா உணர்ச்சி மரத்துப் போகும். முள்ளு குத்தினாலும் தெரியாது.' கரண்டு கம்பியில் இருக்கிறது, தன் உடம்புதான் செத்துக்கொண்டிருக்கிறதோ? ஆடு உணர்கிறது, ஆட்டுக்காரன் உணர்கிறான், வாத்தியார் உணர்கிறார். தான் மட்டும் கட்டையாகிவிட்டோமோ?

ஆனால் காப்பி சுடுகிறது. கிள்ளினால் வலிக்கிறது.

"ஏளா சொர்ணம், எங்கூட வயலுக்கு வா" என்றார்.

"இப்பவா?"

"வெளிச்சம் இருக்கும்போதே."

சொர்ணாம்பாள் வந்தாள். பீடத்துக்கு வெளியே செருப்பை விட்டாள், மாடனைக் கும்பிட்டாள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். கல்யாணம் ஆன நாள் முதல் அவளிடம் அவர் ஒரு பொய்யைக் கண்டதில்லை. இவளுக்கும் பிச்சைக்கண்ணுவுக்கும் எந்தக் கூட்டும் இருக்க முடியாது.

"தொடு."

"நீங்க முதல்ல தொடுங்க."

அவர் தொட்டார். சும்மா நின்றார். அதைப் பார்த்த தைரியத்தில் அவளும் தொட்டாள்.

வளையல் கலகலவென்று குலுங்கியது. சொர்ணாம்பாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் உட்கார்ந்து, புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை.

வைத்தியலிங்கம் தூங்கவில்லை. இரண்டே வழிதான். ஒன்று, தன் உடம்பு மரக்கட்டையாகிவிட்டது. இல்லையென்றால், எல்லோரும் சேர்ந்து தன்னைப் புத்தி பேதலித்த கோட்டிக்காரனாக ஆக்கப் பார்க்கிறார்கள். பெண்டாட்டியையும் பிச்சைக்கண்ணு எதையோ சொல்லிப் பயமுறுத்தி வைத்திருக்கிறான். கரண்டு என்று நினைத்தே பயந்திருப்பாள், பாவம்.

முதலாவதை நினைக்கவே பயமாக இருந்தது. அதனால் இரண்டாவதை நம்பினார்.

*

காலையில் போய்ச் சொல்லிவிட்டார்.

"இன்னையோட நீ நின்னுக்க, பிச்சைக்கண்ணு."

ஆட்டுக்காரன் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"நான் என்ன செஞ்சேன்யா?"

"கம்பியில ஏதோ கள்ளத்தனம் பண்ணுத. எப்படின்னு எனக்குத் தெரியல. ஆனா பண்ணுத. கம்பி வந்தா உன் பிழைப்புப் போயிருமின்னு அன்னைக்கே சொன்னவன்தானே."

பிச்சைக்கண்ணுவின் குரல் சண்டைக்காரன் குரலாக இல்லை. அதுதான் வைத்தியலிங்கத்துக்கு என்னவோ போலிருந்தது.

"வேலை போனா போகட்டும்யா. நாளைக்கே நாலு பேரு கூப்பிடுவான். ஆனா அறுத்த வயல்ல ராத்திரி என் சொந்த ஆட்டை உரத்துக்கு அடைச்சுக் கிடை மறிக்கவன் நான். வயல்காரன் வீட்டுல தூங்குவான், நான் அவன் பூமியில தனியா கெடப்பேன். என் பேரை நம்பித்தானே விடுதான். கள்ளத்தனம் பண்ணினான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிட்டீகன்னா, இங்கன இருந்து கருங்குளம் வரை எவன் என்னை வயல்ல ஏத்துவான்?"

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"மாடன் முன்னால சொல்லுங்க. நானும் சொல்லுதேன். கேக்க ஒரு ஆளு வேணும். சார்வாள் வரட்டும்."

கிருபைராஜ் சாரைக் கூப்பிட்டார்கள். சொர்ணாம்பாளும் வந்து நின்றாள். ராத்திரியிலிருந்து அவள் புருஷனோடு பேசவில்லை.

"நான் சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்" என்று கிருபைராஜ் முன்கூட்டியே சொல்லிவிட்டார். "எங்க வேதத்துல விலக்கு. வேணும்னா நின்னு கேக்கேன்."

"உங்களை யாரும் பண்ணச் சொல்லல சார்வாள்" என்றான் பிச்சைக்கண்ணு. பீடத்தின் முன்னால் போய் நின்று, கற்பூரத்தை ஏற்றி, அணைத்தான். "இந்தக் கம்பியையும் பெட்டியையும் நான் கெட்ட எண்ணத்துல தொட்டிருந்தா, என் ஆடு ஒண்ணுகூட விடியும்போது எழுந்திரிக்கக் கூடாது."

ஆட்டுக்காரன் வாயில் அதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது. கிருபைராஜ் தொண்டையைச் செருமினார்.

"இனி நீங்க ஐயா" என்றான் பிச்சைக்கண்ணு. "செருப்பைக் கழத்துங்க."

வைத்தியலிங்கம் காலைக் குனிந்து பார்த்தார். "எனக்குத்தான் உத்தரவு இருக்கே."

"அது வந்து போறதுக்கு வாங்கின உத்தரவுய்யா. சத்தியத்துக்கு இல்ல. பழி சொன்னவனும் வெறுங்காலு, பழி கேட்டவனும் வெறுங்காலு. ஊரு வழக்கம்."

"டாக்டர் சொல்லியிருக்காரு..."

"ஒரு மனுசனுக்குக் கள்ளன்னு பேரு கட்டுதீக" என்றாள் சொர்ணாம்பாள். நேற்று ராத்திரிக்கு அப்புறம் அவள் பேசிய முதல் வார்த்தை. "ரெண்டு நிமிசம் வெறுங்காலோட நின்னா என்ன?"

ஆனாலும் பெண்டாட்டி பெண்டாட்டிதான். பீடத்துக்கும் வேலிக்கும் நடுவே ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, முள் கிடக்கிறதா என்று கையால் துழாவிப் பார்த்தாள். இரண்டு கருவேல முள்ளைப் பொறுக்கித் தூரப் போட்டாள். அதன் பிறகே, "ம், வாங்க" என்றாள்.

வைத்தியலிங்கம் செருப்பைக் கழற்றினார். ஈர மண் உள்ளங்காலில் சில்லென்று ஏறியது. எத்தனையோ நாளாக மறந்துபோன சுகம். ஒரு கணம் எதற்கு வந்தோம் என்பதையே மறந்து நின்றார்.

பிறகு நிமிர்ந்தார். தணிக்கை அறிக்கை வாசிக்கிற குரலில் சொன்னார்.

"இந்தக் கம்பியில கரண்டு இல்ல. பிச்சைக்கண்ணு ஏதோ கள்ளம் பண்ணி அதை நிறுத்தி வச்சிருக்கான். நான் சொல்லுறது பொய்யா இருந்தா, மாடன் என்னை இந்த இடத்திலேயே அடிக்கட்டும்."

சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்கும்படி, கம்பியை எட்டிப் பிடித்தார்.

'டக்.'

முழங்கையில் யாரோ தடியால் ஓங்கி அடித்தார்கள். தோள் ஒரு பக்கம் போனது, மூளை ஒரு பக்கம் போனது. வைத்தியலிங்கம் பின்னால் இரண்டடி தள்ளாடி, சொர்ணாம்பாள் ஊற்றிய தண்ணீரிலேயே சப்பணம் கொட்டி உட்கார்ந்தார். நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது.

கிருபைராஜ் சார் பீடத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாதவர் போல நடுவில் நின்றார். பிச்சைக்கண்ணு மாடனைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

வைத்தியலிங்கம் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். தோள்வரை எரிந்தது. எரிகிறது. உணர்ச்சி இருக்கிறது. உடம்பு செத்துவிடவில்லை.

சேற்றில் உட்கார்ந்தபடி அவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"போச்சு" என்றாள் சொர்ணாம்பாள். "கோட்டி பிடிச்சிட்டு."

"இல்லளா. வலிக்கி. நல்லா வலிக்கி" என்றார் சிரிப்புக்கு நடுவே. பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. நேற்று அடிக்கவில்லை. இன்றைக்கு அடித்தது. பெட்டி அதே பெட்டி, கம்பி அதே கம்பி, கை அதே கை. என்ன மாறியது?

பீடத்துக்குப் பக்கத்தில் ரப்பர் செருப்பு ஜோடியாக உட்கார்ந்திருந்தது.

எழுந்தார். செருப்பை மாட்டினார். சொர்ணாம்பாள் தடுப்பதற்குள் கம்பியை ஒரு விரலால் தொட்டார்.

ஒன்றும் இல்லை.

ஒரு கால் செருப்பை மட்டும் கழற்றி, காலை ஈரத்தில் வைத்தார். தொட்டார்.

'டக்.'

"எய்யா, போதும்யா" என்றான் பிச்சைக்கண்ணு பதறிப்போய்.

"எர்த்து" என்றார் வைத்தியலிங்கம், கையை உதறிக்கொண்டே. "எர்த் இல்லேன்னா அடிக்காதுன்னு அவன் போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னான். நான் தடிக்குத் தண்ணி ஊத்தினேன். என் காலைப் பாக்கல. கரண்டு ஆளுக்குள்ள புகுந்து மண்ணுக்கு எறங்கினாத்தான் அடி. நீங்க எல்லாரும் வெறுங்காலு. நான் ஒருத்தன்தான் ரப்பர் மேல நிக்கேன். மாடன் புண்ணியத்துல இந்த வயலுக்குள்ள வேற ஒருத்தனும் செருப்புப் போடல. அதனால யாருக்குமே தெரியாமப் போச்சு."

கிருபைராஜ் சார் ஒரு தடவை தன் காலைப் பார்த்துக்கொண்டார். "இவ்வளவுதானா" என்றார். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது அவர் குரல்.

பிச்சைக்கண்ணு ஒப்புக்கொள்ளவில்லை. "செருப்பா உங்களைக் காப்பாத்திச்சு? ஒரு தேங்காய்க்கு மாடன் இத்தனை நாளு பொறுத்தாரு. பொய்ச் சத்தியம்னதும் பொறுக்கல. அதான் விசயம்."

"நான் சொல்லுதது சயின்ஸ் பிச்சைக்கண்ணு."

"இருக்கட்டும்யா. மாடன் முன்னால கட்டின பேரை மாடன் முன்னாலயே எடுத்திருங்க. சயின்ஸை அப்புறம் பாப்போம்."

வைத்தியலிங்கம் மறுபடியும் செருப்பைக் கழற்றினார். பீடத்தின் முன்னால் நின்றார். தணிக்கைக் குரல் இந்தத் தடவை வரவில்லை.

"பிச்சைக்கண்ணு கள்ளம் பண்ணல. நான்தான் தப்பாச் சொன்னேன்" என்றார். அப்புறம், மாடனிடமா ஆட்டுக்காரனிடமா என்று தெரியாதபடி, "மன்னிச்சிரு" என்றார்.

பிச்சைக்கண்ணு தொரட்டிக் கம்பை எடுத்துத் தோளில் போட்டான். எல்லோரும் அவன் கிளம்பப் போகிறான் என்றே நினைத்தார்கள். அவன் வேலிக்குள் போனான். அவனைப் பார்த்ததும் அறுபது தலையும் ஒன்றாகத் திரும்பின.

"சார்வாள் கேட்டுக்கிட்டீகள்ளா?" என்றான் உள்ளே நின்றபடி.

"கேட்டேன். எங்கே வேணும்னாலும் வந்து சொல்லுதேன்" என்றார் கிருபைராஜ்.

"அப்ப சரி" என்று ஆட்டைப் பார்க்கப் போய்விட்டான்.

*

டாக்டர் சொன்னது சொன்னதுதான். செருப்பு வைத்தியலிங்கத்தின் காலுக்குத் திரும்பிவிட்டது. அதாவது, கம்பியில் கரண்டு இருக்கிறதா இல்லையா என்பதைத் தொட்டுத் தெரிந்துகொள்ள அவரால் இனி முடியாது. கிட்டங்கியில் ஒவ்வொரு மூட்டையையும் தட்டிப் பார்த்த மனிதர், இப்போது சாயங்காலமானால் பீடத்தருகே நின்று குரல் கொடுக்கிறார்.

"பிச்சைக்கண்ணு, கரண்டு இருக்கா?"

"இருக்குய்யா."

நேற்றும் அப்படித்தான் கேட்டார். பதில் வேப்பமரத்தடியிலிருந்து வந்தது. கம்பி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். இவன் தொட்டுப் பார்த்தானா, தொடாமலே சொல்கிறானா?

வலது கால் பெருவிரல் மெல்லச் செருப்பை விட்டு வெளியே வந்தது. ஈர மண்ணைத் தொட்டது. கம்பி கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

பிறகு விரலை உள்ளே இழுத்துக்கொண்டு, "சரி, நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தார்.